திருகோணமலைக்கு ஒரு பொது நீச்சல் தடாகம்: மனுவின் வரைவு, பார்த்துச் சொல்லுங்கள்

வில்லூன்றியான் | வெள்ளி, இரவு 8.40

மகளுக்குப் பத்து வயது. போன மாதம் பாடசாலையில் ஒரு படிவம் கொடுத்து, எந்தெந்த விளையாட்டில் சேர விருப்பம் என்று கேட்டிருந்தார்கள். நீச்சலுக்கு நேரே பெரிதாக ஒரு சரி போட்டிருந்தாள். "உனக்கு நீந்தத் தெரியாதே" என்றேன். "விருப்பமா என்றுதானே கேட்டிருக்கிறார்கள்" என்றாள்.

அதன் பிறகு இரண்டு கிழமை அலைந்தேன். ஒரு ஹோட்டலில், தடாகத்துக்குள் இறங்குவதென்றால் மூன்று பேருக்கும் மதியச் சாப்பாடும் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் புரியாணி சாப்பிட்டுவிட்டு நீச்சல் பழகினால் பிள்ளை மிதப்பது கஷ்டம். சரி, கடல் இருக்கிறதே என்று டச்பே கடற்கரையில் மூன்று நாள் இறக்கினேன். நான்காம் நாள் வாடைக் காற்று எழும்பிவிட்டது. இனி மாசி, பங்குனி வரை காத்திருக்க வேண்டும். கடல் அடங்கினாலும் சொறிமுட்டை (ஜெலிமீன்) வரும் நாட்களில் அவளை இறக்க எனக்குத் துணிவில்லை.

எந்தத் தெருவால் நடந்தாலும் கடலில் போய் முட்டுகிற ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை நீச்சல் பழக இடமில்லை.

ஆகவே மனு ஒன்று எழுதியிருக்கிறேன். மெக்கெய்சர் மைதானத்தை அண்டி, எட்டுத் தடங்கள் கொண்ட 50 மீற்றர் தடாகம், பார்வையாளர் அரங்கு, இரவு விளக்குகள், முழுச் செலவும் அரசாங்கத்தினுடையது. ஆளுநருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் விளையாட்டு அமைச்சுக்கும் பிரதிகள். ஆயிரம் கையெழுத்துச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

திருக்கடலூரான் | வெள்ளி, இரவு 8.58

குறை ஒன்றுதான். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்பக் காசு கேட்கிறீர்கள்.

ஏழு வயதில் அப்பா என்னை வள்ளத்திலிருந்து தூக்கிப் போட்டார். அன்று குடித்த உப்புத் தண்ணீர் இன்றும் வயிற்றில் கிடக்கிறது, ஆனால் நீந்தினேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பழகினார்கள். ஒருவருக்கும் சான்றிதழ் கிடையாது. அரசாங்கத்திடம் காசு மிஞ்சிக் கிடந்தால் முதலில் எங்களுடைய இறங்குதுறையைத் திருத்தச் சொல்லுங்கள்.

துறையடி ஆசிரியை | வெள்ளி, இரவு 9.20

அண்ணன், உங்கள் அப்பா உங்கள் அக்கா தங்கச்சியையும் வள்ளத்திலிருந்து தூக்கிப் போட்டாரா?

சாம்பல்தீவு | வெள்ளி, இரவு 9.23

இதற்குப் பதில் வரும் வரைக்கும் நான் படுக்கப் போவதில்லை.

ஓய்வுபெற்ற சிறாப்பர் | வெள்ளி, இரவு 10.47

தம்பி வில்லூன்றியான், மனுவை இரண்டு தடவை வாசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் சிறாப்பராக, அதாவது காசாளராக, உள்ளூர்ச் சபைக் கணக்கோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மனு வென்றுவிடுமோ என்பதுதான் என் பயம்.

ஒரு கட்டடத்துக்குக் காசு எடுப்பது இந்த நாட்டில் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கடினமில்லை. நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் மாகாணத்துக்கு மூலதன நன்கொடை வருகிறது. பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பன்முகப்படுத்தப்பட்ட நிதி இருக்கிறது. உலக வங்கிக் கடனில் வடக்குக் கிழக்குச் சபைகளுக்கு 'நெல்சிப்' என்ற உள்ளூர்ச் சேவை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 2019 இல் நான்கு மாகாணங்களுக்கு இன்னொன்று வந்தது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. கல்லுக்கும் சீமெந்துக்கும் கொடுப்பார்கள், மின்பட்டியலுக்குக் கொடுக்கமாட்டார்கள். அடிக்கல்லில் பெயர் பொறிக்கலாம். குளோரின் வாளியில் யாருடைய பெயரைப் பொறிப்பது?

கட்டி முடித்த மறுநாள் சாவியைச் சபையிடம் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். சபைக்கு என்ன இருக்கிறது? சோலைவரி (ஆதன வரி), கடை வாடகை, வியாபார அனுமதிப்பத்திரம். காணி கைமாறும்போது முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், இவை இரண்டும் மாகாணத்தின் வழியாக ஆடி அசைந்து வரும். அதில்தான் குப்பை அள்ள வேண்டும், வடிகான் வெட்ட வேண்டும், தெருவிளக்குப் போட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி மேலிருந்து வரும். ஆனால் நான் பார்த்த ஆளணிப் பட்டியல்களில் நூலகர் உண்டு, சாரதி உண்டு, சுகாதாரத் தொழிலாளி உண்டு. உயிர்காப்பாளர் என்று ஒரு வரி கண்டதில்லை. புதிய பதவி வேண்டுமென்றால் கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் தலையாட்ட வேண்டும். அதுவரைக்கும் தற்காலிகமாக ஒருவரைப் பிடித்து, சபையின் சொந்த நிதியிலிருந்து கூலி கொடுக்க வேண்டும்.

நான் கடமை செய்த ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சிறுவர் பூங்காவுக்குள் ஒரு சின்னத் தடாகம். காசு ஓகஸ்ட்டில் வந்தது. டிசம்பர் 31 க்குள் முடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஒப்பந்தகாரர் என்ன செய்வார்? மாரி மழைக்குள் தறப்பாள் பிடித்துக் கொங்கிரீட் போட்டார். தை மாதம் பாண்ட் வாத்தியத்தோடு திறந்தார்கள். வைகாசியில் நீர்ப்பம்பி எரிந்தது. பம்பி வாங்க வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு இல்லை. அடுத்த வருடத்துத் திட்டத்தில் போடுவோம் என்றார்கள். அடுத்த வருடம் புல் முளைத்துவிட்டது. கடைசியாக நான் பார்த்தபோது அதற்குள் பழைய குப்பைத் தள்ளுவண்டிகள் கிடந்தன. ஆழமான பக்கத்தில் பெரியவை, ஆழமில்லாத பக்கத்தில் சிறியவை. ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தார்கள்.

ஆகவே கையெழுத்து வைக்க மாட்டேன். கோபிக்க வேண்டாம்.

வில்லூன்றியான் | வெள்ளி, இரவு 11.02

ஐயா, கோபமில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதையுமே கேட்க முடியாதே. நூலகமும் நட்டத்தில்தான் ஓடுகிறது. அதை மூடுங்கள் என்று சொல்வீர்களா? வல்வெட்டித்துறையில் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் தடாகம் இருக்கிறது. 1971 இல் பாக்குநீரிணையை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்திக் கடந்த மனிதர் அவர். அவர்களால் முடிகிறது, எங்களால் ஏன் முடியாது?

ஓய்வுபெற்ற சிறாப்பர் | வெள்ளி, இரவு 11.15

நூலகத்துக்குத் தலைப்பும் உண்டு, ஆளணியும் உண்டு. அதைத்தான் தடாகத்துக்கும் கேளுங்கள் என்கிறேன். நல்லிரவு.

குளோரின் தம்பி | சனி, காலை 6.35

இந்த இழை எனக்காகவே தொடங்கியது போல இருக்கிறது. உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடமாகத் தடாகம் பார்க்கிறேன். காலை ஐந்தரைக்கு முதல் வேலை, முழங்கை ஆழத்தில் சின்னக் குழாயை இறக்கித் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டுக் குலுக்குவது. ரோஸ் நிறம் வரும். அந்த ரோஸை அட்டையில் இருக்கும் ரோஸோடு ஒப்பிட வேண்டும். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்க வேண்டும், pH என்கிற அமில-கார அளவு 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் நிற்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கண் சிவக்கும், காது வலிக்கும். 'குளோரின் மணக்கிறது, நல்ல சுத்தம்' என்று விருந்தாளிகள் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அந்த மணம் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிளம்பும் மணம்.

இப்போது கணக்கு. அண்ணா கேட்கிற 50 மீற்றர் தடாகம், எட்டுத் தடம் என்றால் 20 மீற்றர் அகலம், சராசரி ஆழம் இரண்டு மீற்றர் என்று வைத்தால் 20 லட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசரில் (தண்ணீர் லொறியில்) 200 தடவை. கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற தண்ணீர் அது. உச்சிவெயில் மாதங்களில் குழாயில் காற்று மட்டும் வருகிற வீடுகள் இந்தப் பட்டினத்தில் இருக்கும்போது, 200 பவுசர் என்று வெளியில் சொன்னால் சனம் அடிக்க வரும்.

25 மீற்றர், ஐந்து தடம், ஆழம் ஒன்றேகால் என்று குறைத்தால் 4 லட்சம் லீற்றர். பொதுத் தடாகத்தில் முழுத் தண்ணீரும் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மணல் வடிகட்டியால் போய் வர வேண்டும். அதற்கு ஏழரைக் கிலோவாற்றுப் பம்பி தேவைப்படும். நாளுக்குப் பதினெட்டு மணித்தியாலம் ஓட்டினால் மாதம் 4,000 அலகு. உங்கள் வீட்டு மின்பட்டியலை எடுத்து அலகைப் பாருங்கள், பிறகு பெருக்குங்கள். கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 வீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 வீதம் ஏறியதை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு இறங்கியதுதான். ஆனால் அந்த மாதங்களில் சபைத் தடாகம் ஒன்று இருந்திருந்தால் முதலில் அதன் சுவிட்சைத்தான் அணைத்திருப்பார்கள்.

அணைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. முதல் நாள் தண்ணீர் மங்கியது. இரண்டாம் நாள் சுவரைத் தொட்டால் வழுக்கியது. நான்காம் நாள் முழுவதும் பச்சை, மூலையில் தவளை முட்டை நூல் நூலாக மிதந்தது. தெளிய வைக்கப் பதினொரு நாள் பிடித்தது. அதுவும் விருந்தாளி இல்லாத காலமாகப் போனதால் தப்பினேன்.

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெரிதாகக் கேட்க வேண்டாம் என்கிறேன். வேலி போட வேண்டும் என்பதையும் மனுவில் சேருங்கள். மெக்கெய்சர் பக்கம் என்றால் இரவில் மான் வந்து குடிக்கும். எனக்கு அனுபவம் இல்லை, ஆனால் குளோரின் மானுக்கு நல்லதல்ல.

சாம்பல்தீவு | சனி, காலை 7.10

சிட்னியில் பாறைக்குள் வெட்டிக் கடல்நீரையே தடாகமாக விட்டிருக்கிறார்களே. எங்களிடமும் பாறை இருக்கிறது, கடல் இருக்கிறது. பம்பியும் வேண்டாம், பவுசரும் வேண்டாம்.

குளோரின் தம்பி | சனி, காலை 7.31

அங்கே வற்றுப்பெருக்கு நல்ல உயரத்துக்கு ஏறி இறங்கும், அலையும் மதிலைத் தாண்டி விழும், பழைய தண்ணீரைக் கடலே மாற்றிவிடும். எங்கள் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றரும் வராது. ஒரு கிழமையில் குட்டை நாறும். கடல்நீரைப் பம்பியால் ஏற்றினால் உப்பு இரும்பைத் தின்னும். எங்கள் ஹோட்டலில் கடற்பக்கக் கதவுக் கொண்டி வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறோம், அது வெறும் காற்றுக்கே.

துறையடி ஆசிரியை | சனி, பகல் 11.50

எல்லோரும் லீற்றரும் அலகும் பேசுகிறீர்கள். நான் கிண்ணியாவில் இருந்து எழுதுகிறேன்.

2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்துதான் பள்ளிக்கு வந்தார்கள். (வெளியூர் ஆட்களுக்கு: மிதந்து ஆட்களை ஏற்றி இறக்குவதைத்தான் நாங்கள் பாதை என்கிறோம்.) காலை நேரம் கவிழ்ந்தது. இறந்தவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வாரம் வகுப்பறைக்குள் போய் என்ன படிப்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் சும்மா நின்றேன்.

நீந்தத் தெரிந்திருந்தால் அத்தனை பேரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பாதைக்குத் தகுதி இருந்ததா, பாதுகாப்பு அங்கி இருந்ததா என்பவை வேறு கேள்விகள், அவற்றுக்கு வேறு ஆட்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பின்னொரு நாள் வகுப்பில், நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். ஆண்பிள்ளைகள் பக்கம் பாதிக் கைகள் உயர்ந்தன. பெண்பிள்ளைகள் பக்கம் ஒரு கையும் உயரவில்லை. இவர்கள் எல்லோரும் நடந்து போகிற தூரத்தில் களப்பும் கடலும் உள்ள வீடுகளில் இருந்து வருகிறவர்கள்.

கடலில் பழகலாம் என்கிறீர்கள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கும் கரையில், பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை எந்த உம்மா இறக்குவார்? இது எங்கள் பக்கத்துக் கதை மட்டுமல்ல, தமிழ்த் தெருக்களிலும் இதே கதைதான், யாரும் சொல்வதில்லை. எனக்கு 50 மீற்றரும் வேண்டாம், பார்வையாளர் அரங்கு வேண்டவே வேண்டாம். பார்வையாளர் இல்லாத ஒரு தடாகம் வேண்டும். மறைப்புச் சுவர், பெண்களுக்கென்று தனி நேரம், பழக்க ஒரு பெண், உடை மாற்றத் தாழ்ப்பாள் சரியாக விழுகிற ஓர் அறை. இவை மனுவில் இருந்தால் கையெழுத்து வைக்கிறேன்.

வில்லூன்றியான் | சனி, பகல் 12.20

ஆசிரியை, நான் தாழ்ப்பாளைப் பற்றி யோசிக்கவே இல்லை. மன்னிக்க வேண்டும்.

உவர்மலை விட்டவன் | சனி, மாலை 5.44 (லண்டனில் இருந்து)

1990 இல் ஊரை விட்டவன். சிறாப்பர் ஐயாவின் கதை இங்கேயும் நடக்கிறது, கொஞ்சம் மரியாதையாக நடக்கிறது.

இங்கே பெரும்பாலான பொதுத் தடாகங்கள் உள்ளூர்ச் சபைகளுடையவை. எரிபொருள் விலை ஏறிய குளிர்காலத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நேரத்தைக் குறைத்தன, சில மூடின. சூடாக்காமல் இங்கே ஒருவரும் இறங்க முடியாது. 2023 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் இங்கிலாந்தின் தடாகங்களுக்கென்று 6 கோடி 30 லட்சம் பவுண் ஒதுக்கினார்கள். கவனிக்க வேண்டியது, அதில் புதிய தடாகம் கட்ட ஒன்றுமில்லை. ஏறத்தாழ 2 கோடி நடைமுறைச் செலவுக்கு, மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இரசாயனத்துக்கும். ஏறத்தாழ 4 கோடி, இனிமேல் அந்தச் செலவு குறைய வேண்டும் என்பதற்காக: தடாகத்தை இரவில் மூடும் போர்வை, சூரிய மின்கலம், புதிய பம்பி. டெவனில் எக்ஸ்மவுத் என்ற ஊரில் கணினிச் சேவையகங்களின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கினார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீரை ஆற வைக்கத்தான் வழி பார்க்க வேண்டும்.

இன்னொரு விடயம். இங்கே ஆரம்பப் பாடசாலையை முடிக்கும் பிள்ளை 25 மீற்றர் நீந்த வேண்டும் என்பது தேசியப் பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியதெல்லாம் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியிருப்பதால் பாடசாலைகள் தடாகத்தின் நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகின்றன. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் நீந்த வருவார்? பாடசாலைப் பிள்ளைகள்தான் வருவார்கள். என் மகள் போன தடாகத்துக்கு அவர்கள்தான் படியளந்தார்கள்.

அதனால் தடாகத்துக்குக் காசு கேட்காதீர்கள், பாடத்துக்குக் காசு கேளுங்கள். கல்வித் திணைக்களம் ஒரு பிள்ளைக்கு இத்தனை நீச்சல் பாடம் என்று விலை கொடுத்து வாங்கட்டும். தடாகம் யாருடையதாகவும் இருக்கலாம். சும்மா கிடக்கிற ஹோட்டல் தடாகமாகவும் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற சிறாப்பர் | சனி, மாலை 6.30

உவர்மலைத் தம்பி சொன்னது கணக்குக்காரனின் காதுக்கு இனிக்கிறது. மானியம் என்றால் கை ஏந்த வேண்டும். சேவைக்கான கட்டணம் என்றால் அது சபையின் வருமானப் பக்கத்தில் ஒரு தலைப்பு. வருமானத் தலைப்பு இருந்தால் செலவுத் தலைப்புத் திறக்கலாம். பம்பி எரிந்தால் அடுத்த வருடம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சிக்கல். மாகாணப் பாடசாலைகள் மாகாணத்துக்குக் கீழே. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது, இன்னும் தேர்தல் இல்லை. ஆகவே ஆளுநர்தான். உள்ளூர்ச் சபைகளும் 2023 மார்ச் தொடக்கம் 2025 தேர்தல் வரை செயலாளர்களின் கையில்தான் இருந்தன. தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒருவருக்கு நீச்சல் பாடம் என்பது சொல்வதற்கு நல்ல விடயம். செயலாளருக்கு அது இன்னொரு கோப்பு. இப்போது சபையில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடியுங்கள்.

குளோரின் தம்பி | சனி, இரவு 9.15

ஹோட்டல் தடாகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் கரையில் வெளிநாட்டுக்காரர் வருவது சித்திரை முதல் புரட்டாசி வரை. ஐப்பசிக்குப் பிறகு அறைகள் காலி. ஆனால் தடாகத்தை விட முடியாது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்பி ஓட வேண்டும். ஒருவரும் இறங்காத தண்ணீரை நான் மூன்று மாதம் காவல் காக்கிறேன். கடல் கொந்தளிக்கும் அதே மூன்று மாதம்! முதலாளிமார் சும்மா தரமாட்டார்கள், மணித்தியாலத்துக்கு ஒரு தொகை என்றால் யோசிப்பார்கள். ஆனால் ஆழம் பாருங்கள். ஹோட்டல் தடாகத்தில் பெரும்பாலும் ஒன்றரை மீற்றர். எட்டு வயதுப் பிள்ளை நிற்க முடியாது.

பழகுவதற்கு மட்டும் என்றால் 12 மீற்றருக்கு 6 மீற்றர், ஆழம் 90 சென்றிமீற்றர் போதும். 65,000 லீற்றர்தான். ஆறரைப் பவுசர். தண்ணீர் ஆழமில்லாததால் அடிக்கடி வடிகட்ட வேண்டும், இருந்தாலும் மாதம் ஆயிரம் அலகுக்குள் அடக்கலாம். மேலே தகரக் கூரை போட்டால் வெயிலில் குளோரின் பறந்து போவதும் குறையும், கூரையில் சூரிய மின்கலமும் வைக்கலாம். ஒரு தடவையில் எட்டுப் பிள்ளைகள், ஒரு பழக்குநர், கரையில் நின்று பார்க்க ஒருவர். அந்தக் கரையில் நிற்பவர் கைபேசி பார்க்கக் கூடாது, இதையும் எழுதுங்கள்.

சாம்பல்தீவு | சனி, இரவு 9.40

பங்களாதேஷில் ஊர்க்குளத்துக்குள் மூங்கிலால் மேடை கட்டி அதற்குள் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள் என்று ஒரு செய்தியில் பார்த்தேன். எங்களுக்கும் குளம் இருக்கிறதே.

துறையடி ஆசிரியை | சனி, இரவு 9.52

எங்களுடைய குளத்தில் முதலையும் இருக்கிறது.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 8.00

தடாகம் எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சனத்துக்கு என்று கணக்குப் பார்த்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்குத் தெரியும்.

திருக்கடலூரான் | ஞாயிறு, பகல் 1.25

வெள்ளி இரவு ஆசிரியை கேட்ட கேள்விக்கு உடனே பதில் எழுதினேன், பிறகு அழித்தேன். நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது அதிகம். அவரும் கடற்கரையில்தான் பிறந்தார், கடற்கரையில்தான் கலியாணம் கட்டினார். வீட்டு வாசலில் நின்றால் வள்ளம் தெரியும். "அக்கா, உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியது ஒரே ஒரு நாள், அது சுனாமி அன்றைக்கு" என்றார். அந்த அலைக்கு நீச்சல் தெரிந்தவனும் தப்பவில்லை என்பது எனக்குத் தெரியும், எங்கள் தெருவுக்கும் தெரியும். அதை வைத்து வாதாட வரவில்லை. ஆனால் அறுபது வருடம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசிக்கு ஒருவரும் பழக்கவில்லை. நானும் பழக்கவில்லை. தோன்றவே இல்லை.

இறங்குதுறை திருத்த வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இருந்தாலும் மனுவில் என் பெயரையும் போடுங்கள். கரையில் நின்று பார்க்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் சுழியோடிகள் இருக்கிறார்கள், கடல் மூடும் மாதங்களில் அவர்களுக்கும் தொழில் இல்லை. முறையாகப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்தால் வருவார்கள். சும்மா கூப்பிட வேண்டாம்.

வில்லூன்றியான் | ஞாயிறு, இரவு 8.05

50 மீற்றரை வெட்டிவிட்டேன். அரங்கையும் வெட்டிவிட்டேன். மனம் வலித்தது, உண்மை. மகளிடம் எட்டுத் தடம் என்று வேறு சொல்லி வைத்திருந்தேன்.

புதிய வரைவில் முதல் கோரிக்கை, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது நீச்சல் பாடத்தைக் கல்வித் திணைக்களம் வருடாந்தம் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டும் என்பது. வாடை மாதங்களில் ஹோட்டல் தடாகங்களை வாடகைக்கு எடுத்து உடனே தொடங்கலாம், நிற்க முடியாத ஆழத்துக்குப் பலகை மேடை இறக்கலாம் என்று எழுதியிருக்கிறேன் (தம்பி, இது சரியா?). அதற்குப் பிறகுதான் கட்டடம். கூரையும் மறைப்புச் சுவரும் உள்ள பயிற்சித் தடாகம், பட்டினத்தில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று. உயிர்காப்பாளர், பெண் பழக்குநர் பதவிகள் ஆளணியில் சேர்க்கப்பட்ட கடிதம் கையில் வராமல் அடிக்கல் நாட்டக் கூடாது. சிறாப்பர் ஐயா, இந்தக் கடைசி வசனம் உங்களுக்காக. தாழ்ப்பாளும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற சிறாப்பர் | ஞாயிறு, இரவு 8.40

'கட்டக் கூடாது' என்று முடிகிற மனுவை முதல் தடவையாகப் பார்க்கிறேன். கையெழுத்து வைக்கிறேன். "முதலாம் வருடத்து மின்சாரக் கட்டணத்துக்குச் சமமான தொகையை வங்கியில் தனிக் கணக்கில் வைப்பிட வேண்டும்" என்றும் ஒரு வரி சேருங்கள். கேட்டால் கொடுக்க மாட்டார்கள், ஆனால் கேள்வி பதிவில் இருக்கும்.

குளோரின் தம்பி | ஞாயிறு, இரவு 9.02

பலகை மேடை சரி, ஆனால் மேடைக்குக் கீழே ஒரு பிள்ளையின் தலை நுழையாதபடி வலை அடிக்க வேண்டும். நான் வரைந்து அனுப்புகிறேன்.

துறையடி ஆசிரியை | ஞாயிறு, இரவு 9.30

எங்கள் பக்கத்தில் இன்றைக்கே பதினொரு உம்மாக்கள் பெயர் தந்திருக்கிறார்கள். இரண்டு பேர் பிள்ளைகளுக்காக அல்ல, தங்களுக்காக. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: உடுப்பு. உடலை மூடிய உடுப்போடு இறங்கலாமா? ஹோட்டல்களில் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

குளோரின் தம்பி | ஞாயிறு, இரவு 9.41

மூடியிருப்பது பிரச்சினையே இல்லை அக்கா, துணிதான் பிரச்சினை. நைலோன், பொலியெஸ்டர் என்றால் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு இறங்கலாம். பருத்தி வேண்டாம். நனைந்தால் பாரமாகிப் பிள்ளையைக் கீழே இழுக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும்.

உவர்மலை விட்டவன் | ஞாயிறு, இரவு 10.10

ஒன்று சொல்ல மறந்தேன். நெதர்லாந்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சான்றிதழ் கொடுக்கும்போது, உடுப்போடும் சப்பாத்தோடும் நீந்திக் காட்டச் சொல்வார்கள். கால்வாய்க்குள் விழுகிற பிள்ளை நீச்சலுடை போட்டுக்கொண்டு விழுவதில்லை.

துறையடி ஆசிரியை | ஞாயிறு, இரவு 10.22

எங்கள் பிள்ளைகளின் சீருடை பருத்தி. அதுவும் வெள்ளை. அன்றைக்கு அதோடுதான் ஏறியிருந்தார்கள்.

குளோரின் தம்பி | ஞாயிறு, இரவு 10.35

இருபதாவது பாடத்துக்குச் சீருடையோடு வரட்டும் அக்கா, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வரட்டும். அன்றைக்கு நான் வடிகட்டியை இரண்டு தடவை கழுவிக்கொள்கிறேன்.